கந்தர்வக்கோட்டைச் சாலையில் இரண்டு சைக்கிள்

புதுக்கோட்டையில் பஸ் மாறும்போது நடத்துநர் என் மூட்டையைக் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, கிரைண்டரா?"

"சைக்கிள்."

"சைக்கிளு எப்படிங்க மூட்டைக்குள்ள இருக்கும்?"

மடக்கினால் இருக்கும் என்றேன். அவர் நம்பவில்லை. பஸ்ஸே வேடிக்கை பார்க்க, மூட்டையின் வாயைப் பிரித்துச் சக்கரத்தைக் காட்டினேன். "அட ஆமாப்பா, சைக்கிளேதான்" என்று முன் சீட்டிலிருந்து ஒருவர் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். எங்கள் தைப்பிங்கில் பஸ்ஸில் யாரும் யாரையும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். இங்கே கந்தர்வக்கோட்டை வந்து சேர்வதற்குள், நான் மலேசியாவிலிருந்து வருகிறேன், தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன், ஐம்பது தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்கு யாரும் காரணமில்லை என்பது வரை பஸ்ஸுக்கே தெரிந்துவிட்டது.

தெரியாதது ஒன்றுதான். என் கைப்பையில், வெயில் படாமல் துணியில் சுற்றி, இரண்டு ஊசிப் பேனாக்கள் இருந்தன. தொடையில் வைத்து அழுத்தினால் மருந்து தானாக இறங்கும். என் தங்கச்சியைப் பார்த்த மருத்துவர் எழுதித் தந்தது. அவள் ஊர்ப் பக்கம் எங்கும் கிடைக்கவில்லை என்று எங்கள் ஊரில் சொல்லி வைத்து வாங்கினேன்.

தங்கச்சி பெயர் வசந்தி. தைப்பிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்கு வந்த தங்கராசுவைப் பார்த்தாள், பிடித்தது, கட்டிக்கொண்டாள், அவன் ஊர் திரும்பியபோது கூடவே போய்விட்டாள். கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் முந்திரிக்காடு, கொஞ்சம் மானாவாரி நிலம். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவள் போன புதிதில் நான் யாரோடும் சரியாகப் பேசவே இல்லை. கோபமெல்லாம் இல்லை, பேச ஆள் இல்லை.

அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அங்கே சைக்கிளை எடுப்பாள், நான் தைப்பிங்கில் எடுப்பேன். காதில் போனை மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டே ஓட்டுவோம். எனக்கு வெயில் ஏறியிருக்கும், அவளுக்கு அப்போதுதான் விடிந்திருக்கும். அவள் வீட்டிலிருந்து கிளம்பி, அய்யனார் கோயில் காட்டைத் தாண்டி, ஒரு குளக்கரை வரை போய்த் திரும்புவாள். "அக்கா, இன்னைக்கு தண்ணி படித்துறை வரைக்கும் ஏறி நிக்குது" என்பாள். அந்தக் குளத்தை நான் காதால்தான் பார்த்திருக்கிறேன்.

போன வருஷம் அந்தச் சாலையில் ஒரு கதண்டு அவளைக் கழுத்தில் கொட்டியது. கதண்டு என்பது பெருங்குளவி. கறுப்பும் மஞ்சளுமாகப் பாதி விரல் நீளம் இருக்கும். மற்றவர்களுக்கு வீங்கும், வலிக்கும், ஓரிரு நாளில் போகும். வசந்திக்கு உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்து, நாடி விழுந்துவிட்டது. தஞ்சாவூர் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள். அதோடு சைக்கிளை விட்டாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் பின்னால் மிக்சி ஓடுகிற சத்தம்தான் கேட்கும். நான் தனியாக ஓட்டினேன். பிடிக்கவில்லை. அந்தக் குளக்கரைக்கு அவளோடு ஒரே ஒரு தடவை சைக்கிளில் போய்வந்துவிட வேண்டும், அவளுக்கு ஒன்றும் ஆகாமல். அதற்குத்தான் வந்தேன்.

முதல் நாள் முட்டை மாஸ் செய்து போட்டாள். புதுக்கோட்டைப் பக்கம் பரோட்டாக் கடைகளில் கிடைப்பது. அவித்த முட்டையை வெங்காயம் தக்காளி மசாலாவில் போட்டுப் பிரட்டுவது. காரம் உச்சந்தலையில் ஏறியது. எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக்கில், முட்டை பாவம் ஓரமாய்ச் சும்மா உட்கார்ந்திருக்கும். இங்கே அதற்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

சாப்பாட்டுக்கு நடுவே நான் விஷயத்தை எடுத்தேன். தங்கராசு கையை உதறினான்.

"மதினி, நீங்க இருக்கிற வரைக்கும் காரு எடுத்துட்டு வாரேன். சித்தன்னவாசல் போவோம், மலையேறிப் பாப்போம், எங்கிட்டு வேணும்னாலும் போவோம். சைக்கிளு மட்டும் வேணாம். அன்னைக்கு இவ கையி ஐஸு மாதிரி கெடந்துச்சு. நாந்தான புடிச்சிருந்தேன்."

வசந்தி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குப் போவணும்."

அவ்வளவுதான் சொன்னாள். அவன் எழுந்து கை கழுவப் போனான். வெகுநேரம் கழுவினான்.

மறுநாள் அவள் சைக்கிளைக் கொட்டகையிலிருந்து இறக்கினோம். சாக்கு போட்டு மூடி வைத்திருந்தாள். இரண்டு டயரும் படுத்திருந்தன. கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். கடைக்காரர் என் மடக்கு சைக்கிளின் சின்னச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "இத மிதிச்சு எப்பம்மா ஊரு போய்ச் சேர்றது?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

மத்தியானம் பாடம். எனக்கு அதிகாரம் செய்யப் பிடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். மருந்தில்லாத பழகுபேனா ஒன்றும் கொண்டுபோயிருந்தேன். தலையணையைத் தொடையாக வைத்து, மூடியைப் பிடுங்கு, வெளித்தொடையில் குத்து, துணி மேலேயே குத்தலாம், அழுத்திப் பிடி என்று காட்டினேன். வசந்தி ஒரே தடவையில் செய்தாள். தங்கராசு கண்ணை மூடிக்கொண்டு குத்தினான். பேனா தலையணையை விட்டுப் பாயில் இறங்கியது.

"கண்ணைத் திற தம்பி!"

"தொறந்தா கையி நடுங்குது மதினி."

ஊசி போட்டபின் சரியாகிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், வெறும் அலர்ஜி மாத்திரையை நம்பி உட்காரக் கூடாது என்றும் சொன்னேன். இருவரும் பிள்ளைகளைப் போலத் தலையாட்டினார்கள்.

அடுத்த நாள் கிளம்பும்போது பூவால் ஒரு சண்டை. கதண்டுக்கும் தேனீக்கும் வாசனை ஆகாது, அல்லது ரொம்ப ஆகும், எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம். பவுடரை விடச் சொன்னேன், விட்டாள். கறுப்புச் சுடிதாரை மாற்றச் சொன்னேன், மாற்றினாள். தலையில் இருந்த மல்லிகையை எடு என்றதும் முறைத்தாள்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா பூ இல்லாம வாசப்படி தாண்டுனா ஊரு என்னத்தப் பேசும்? நீ பேசாம இரு."

"ஊரு பேசினா பேசட்டும்டி. கதண்டு கொட்டினா ஊரா வந்து மூச்சு விடும்?"

அவள் அசையவில்லை. கடைசியில் அவளே கொல்லையில் போய்க் கனகாம்பரம் பறித்துக் கட்டி வந்தாள். கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாது. அதை வைத்துக்கொண்டு மேலே தலைக்கவசத்தை மாட்டினாள். ஊருக்கும் பூ, எனக்கும் நிம்மதி. தங்கராசு கல்யாண வீடுகளுக்குப் போட்டுப் போகிற வெள்ளை முழுக்கைச் சட்டையை மேலே போட்டுக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டினேன். கண்ணுக்குக் கண்ணாடி. தலைக்கவச ஓட்டைகளில் கொசுவலைத் துண்டு தைத்திருந்தேன். நிலைக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "சந்திரனுக்கா போறோம்?" என்றாள்.

அன்று டவுன் வரைதான் போனோம். தெருமுனையில் அவள் முதல் மிதி மிதித்தாள். சைக்கிள் கொஞ்சம் ஆடியது, நேரானது. நான் பின்னாலிருந்து பார்த்தேன். சின்ன வயதில் எஸ்டேட் தோட்டத்திலிருந்து பள்ளிக்குப் போகும்போது பார்த்த அதே முதுகு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் கண்ணாடி போட்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று.

அந்த நாளில் அப்பா எங்களுக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார். பெரியவள் வலப்பக்கம், லாரி வருகிற பக்கம். சின்னவள் இடப்பக்கம், ஓரமாக. வசந்தி இன்னும் அதே சட்டத்தில்தான் ஓட்டினாள். எனக்கு வலப்பக்கம் இடம் விட்டுவிட்டு, சாலை ஓரத்துப் புதரை உரசிக்கொண்டு போனாள். பூச்சியெல்லாம் அந்தப் புதரில்தானே இருக்கிறது!

"ஓரத்துல போகாதடி, நடுவுல வா!"

"நடுவுல வந்தா நீ எங்கிட்டுப் போவ?"

"நான் பின்னால வரேன்."

"பின்னால வந்தா எப்படிக்கா பேசுறது?"

வாயை மூடிக்கொண்டு ஓட்டு, பூச்சி புகுந்துவிடும் என்றேன். "வாய மூடிக்கிட்டு ஒங்கூட எதுக்கு சைக்கிள் ஓட்டணும்?" என்றாள். அடுத்த நிமிஷமே என் வாயில்தான் ஒரு கொசுக்கூட்டம் புகுந்தது. நான் துப்புவதற்குள் அவள் பிரேக் பிடித்து நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டவுனில் கரும்புச் சாறு கடையைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பினாள். பிழிந்த சக்கைமேல் தேனீக்கள் மொய்த்துக் கிடந்தன. கையைப் பிடித்து இழுத்துவந்து, மூடியில் குழாய் வைத்த பாட்டிலில் என் எலுமிச்சைச் சாற்றைக் கொடுத்தேன். "ஜெயில்ல கூட கரும்புச் சாறு தருவாங்க" என்று முனகிக்கொண்டே குடித்தாள்.

சனிக்கிழமை கோயில் காட்டு விளிம்பு வரை போனோம். மரமும் கொடியும் பின்னிக்கிடக்கிற பழங்காடு. நடுவில் அய்யனார், வரிசையாக மண்குதிரைகள். அதில் ஒரு சுள்ளி ஒடிக்கமாட்டார்கள். காட்டை ஒட்டிச் சாலை போகிறது. அங்கே வந்ததும் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி, பேச்சை நிறுத்தி, தள்ளிக்கொண்டு நடக்கிறார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள்கூட வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். சாலைக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு மரத்து உச்சியில் கதண்டுக் கூடு, கவிழ்த்த பானை அளவுக்கு. வசந்தியைக் கொட்டியது அங்கிருந்து வந்ததுதான்.

சாலைக்கு மறுபுறம் காட்டு நீளத்துக்கும் முந்திரித் தோப்பு. அங்கே பெண்கள் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். இதைக் கொளுத்த ஆள் கூப்பிடவில்லையா என்று கேட்டேன்.

"பயர் சர்வீஸ்காரவுக வந்தாகம்மா. நாங்கதான் வேணாமுன்னுட்டோம்" என்றாள் ஒருத்தி. "அது அய்யனாரு காட்டுக்குள்ள இருக்கு. நெருப்பு வைக்கலாமா? நாம சத்தம் போடாமப் போனா அதுவும் சத்தம் போடாம இருக்கும்."

எனக்கு எரிச்சலாக வந்தது. என் தங்கச்சி சாகக் கிடந்திருக்கிறாள், இவர்கள் குளவிக்கு வக்காலத்து வாங்குகிறார்கள். வசந்தியைப் பார்த்தேன். அவளும் அந்தப் பெண்ணோடு சேர்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தாள். இந்த ஊர்க்காரியாகவே ஆகிவிட்டாள். தைப்பிங்கில் எல்லோரையும் போல வார்த்தைக்கு வார்த்தை 'லா' போடுவாள், "வாலா, போலாம்லா" என்று. வந்ததிலிருந்து ஒரு 'லா' கூட நான் கேட்கவில்லை.

ஞாயிறு விடிந்ததும் கிளம்பினோம். தங்கராசு எங்களுக்கு முன்னாலேயே எங்கோ போயிருந்தான். காட்டருகே இறங்கி, மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போனோம். கடந்ததும் ஏறி மிதித்தோம்.

குளம் நான் நினைத்ததைவிடச் சின்னது. தண்ணீர் நடுவில்தான் கிடந்தது. ஒரு கொக்கு. எதிர்க்கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான். ஆனால் படித்துறையில் உட்கார்ந்தபோது இந்த இடத்தை விட்டு எழவே கூடாது என்று இருந்தது. உளுந்தங்களி உருண்டையை டப்பாவில் கொண்டுவந்திருந்தாள். ஒன்றைத் தின்றுவிட்டு உடனே மூடினோம், ஈ வந்துவிடும்.

"இங்கன உக்காந்துதான் ஒங்கிட்டப் பேசுவேன்" என்றாள். "பேசி முடிச்சு நீ போனை வச்சப்பறம் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். அந்த நேரந்தான் கஷ்டம்."

"எனக்கும்தான்" என்றேன். "நான் லாரி பக்கமாவே ஓட்டிட்டிருப்பேன், ஓரமா வர ஆளே இல்லாம."

"வந்துரேன் அக்கா இங்கயே."

"நீ வந்துரேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவளால் வர முடியாது, அவளுக்கு இங்கே புருஷன், காடு எல்லாம் இருக்கிறது. எனக்குத் தைப்பிங்கில் என் வீடு, என் வேலை. ஆனாலும் கேட்டுவிட்டாள். அவள் கேட்கவேண்டும் என்று எனக்கு எத்தனை வருஷ ஆசை!

திரும்பும்போது காட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கித் தள்ளினோம். அப்போதுதான் அந்தச் சத்தம். டமார் என்று ஒரு வேட்டு. காடே அதிர்ந்தது. பறவைகள் கிளம்பின. அடுத்து இன்னொன்று. புகை மேலே வந்தது.

வசந்தி அப்படியே நின்றுவிட்டாள். "அக்கா, கூடு" என்றாள்.

எனக்கும் கேட்டது. கீழே விழுந்த தேன்கூடு மாதிரி ஒரு ரீங்காரம், ஆனால் மேலிருந்து. சைக்கிளைப் போட்டுவிட்டு அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன். "கையை வீசாத, ஓடு!" வந்த வழியே ஓடினோம். முழுக்கைச் சட்டை, வலை, கண்ணாடி, கனகாம்பரம் என்று தலை முதல் கால் வரை யோசித்து மூடியிருந்தேன். அவள் புறங்கை இரண்டும் வெளியே இருந்தன. அங்கே ஒரு கதண்டு கொட்டிவிட்டது.

தோப்புப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். கழுத்தில் தடிப்பு ஏறுவது என் கண்ணெதிரே தெரிந்தது. "மூச்சு இழுக்குது" என்றாள். தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து பேனாவை எடுத்தேன். தலையணையில் எத்தனையோ தடவை குத்தியவள் நான். மூடி கழன்று வரவில்லை, என் விரல்தான் வழுக்கியது. பல்லால் கடித்துப் பிடுங்கி, வெளித்தொடையில் வைத்து அழுத்தினேன்.

"வலிக்குதுலா!" என்று கத்தினாள்.

அந்த 'லா'வைக் கேட்டதும் நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அழுதுகொண்டே அவளைப் படுக்கவைத்து, கால்களை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிட்டேன். அந்தத் தோப்புப் பெண்கள் வந்து சுற்றிக் குடை பிடித்தார்கள். ஒருத்தி சாலைக்கு ஓடி ஆம்புலன்ஸுக்குக் கை காட்டினாள். கொஞ்ச நேரத்தில் வசந்தி, "இப்ப பரவால்ல, மூச்சு வருது" என்றாள். நான் இரண்டாவது பேனாவைக் கையிலேயே பிடித்திருந்தேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் விடவில்லை.

காட்டுக்குள்ளிருந்து புகையோடு ஓடிவந்தவன் தங்கராசு. உதடு வீங்கி, ஒரு கண் மூடிக்கிடந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துதான் சொன்னான்.

"வேண்டிக்கிட்டேன் மதினி. அன்னைக்கு இவ பேச்சு மூச்சில்லாமக் கெடந்தப்ப, இவ பொழச்சு மறுபடி இந்த வழியா சைக்கிள்ல போனா அய்யனாருக்கு வேட்டுப் போடுறேன்னு வேண்டிக்கிட்டேன். நீங்க வரதத் தூரத்துல பாத்தேன். சந்தோசத்துல கூடு இருக்கிறதே..." அதற்குமேல் வீங்கிய உதட்டால் பேச முடியவில்லை.

சைக்கிள் வேண்டாம் என்று கையை உதறியவன், அவள் சைக்கிளில் போக வேண்டும் என்று சாமியிடம் வேண்டியிருக்கிறான்! கூட்டுக்குக் கீழே நின்று வேட்டுப் போடுகிற மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது? டாக்டர் வசந்தியை ஒருநாள் வைத்திருந்து பார்த்துவிட்டு அனுப்பினார்.

நான் கிளம்புகிற நாள் வந்தது. சைக்கிள் பேச்சை நான் எடுக்கவில்லை. மீதமிருந்த பேனாவையும், வலை தைத்த தலைக்கவசத்தையும் அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். பஸ் ஏறும்போது வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாரேன்னு சொல்லிட்டுப் போ" என்றாள். "வரேன்" என்றேன். கீரனூர் தாண்டும்வரை எனக்கு வெளியே ஒன்றும் கண்ணில் படவில்லை.

தைப்பிங்கில் மழை. சில ஞாயிறுகள் நான் சைக்கிளைத் தொடவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கராசுவிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. அவன் மொபெட்டில் மெதுவாகப் பின்னால் வந்துகொண்டே எடுத்திருக்கிறான். முன்பக்கம் மாட்டிய துணிப்பையில் பேனா இருப்பதை முதலில் காட்டினான். பிறகு போனை நிமிர்த்தினான். வெள்ளை முழுக்கைச் சட்டை, வெள்ளைக் கையுறை, தலைக்கவசத்துக்குக் கீழே துளி கனகாம்பரம். வசந்தி ஓட்டிக்கொண்டு போகிறாள். "எறங்கு, எறங்கு, காடு வருது" என்று அவன் மெதுவாகச் சொல்கிறான். இறங்குகிறாள், சத்தமில்லாமல் தள்ளுகிறாள், கடந்ததும் ஏறுகிறாள்.

காலியான சாலை. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் புருஷனைத் தவிர யாருமில்லை. அவள் இடது ஓரத்தில், புதரை உரசிக்கொண்டு போகிறாள். வலப்பக்கம் சரியாக ஒரு சைக்கிளுக்கு இடம் விட்டிருக்கிறாள்.

"நடுவுல வாடி!" என்று நான் போனைப் பார்த்துக் கத்தினேன்.